மெக்சிகோ மேடையில் எழுந்த இரு கைகள்: சொல்லாமல் சொன்னதைப் படித்தவர்கள் யார்?

1. தெற்குவாசல்

நண்பர்களுக்கு வணக்கம். 1968 அக்டோபர் 16 அன்று மெக்சிகோ நகர ஒலிம்பிக்கில் ஆடவர் 200 மீட்டர் ஓட்டத்துக்குப் பதக்கம் வழங்கியபோது எடுத்த படத்தைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவாகவே இருப்பார்கள். தங்கம் வென்ற டாமி ஸ்மித்தும் வெண்கலம் வென்ற ஜான் கார்லோஸும் அமெரிக்க தேசிய கீதம் ஒலிக்கும் வேளையில் தலையைக் குனிந்து, கறுப்புக் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்தி நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்னால், வெள்ளி வென்ற ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மன் கைகளைத் தொங்கவிட்டு நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஸ்மித் அன்று 19.83 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்திருந்தார் என்பது இன்று பலருக்கும் நினைவில் இல்லை. கையைத் தூக்கியது மட்டுமே நினைவில் நிற்கிறது.

பல ஆண்டுகளாக இந்தப் படத்தைப் பார்த்து வரும் எனக்கு ஓர் ஐயம் தீராமல் இருக்கிறது. வாய் திறக்காமல் பேசிய மாபெரும் சொற்பொழிவு என்று இதை எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அந்த இருவரும் மேடையில் வைத்துவிட்டுப் போன செய்தியில் எத்தனை பகுதி உலகத்தின் கண்ணில் பட்டது? கணக்கெடுத்துப் பாருங்கள். இருவரும் காலணி இல்லாமல், கறுப்புக் காலுறையோடு நின்றார்கள். அது கறுப்பின மக்களின் வறுமையைக் குறித்தது. ஸ்மித்தின் கழுத்தில் இருந்த கறுப்புத் துண்டு இனப் பெருமிதத்தைக் குறித்தது. கார்லோஸ் தன் மேல்சட்டையின் ஜிப்பைத் திறந்து விட்டிருந்தது உடலுழைப்புத் தொழிலாளர்களோடு நிற்பதாகச் சொல்ல. அவர் கழுத்தில் கிடந்த மணிமாலை, கும்பலாகச் சேர்ந்து தூக்கிலிட்டும் அடித்தும் கொல்லப்பட்டவர்களுக்காக. மூவர் நெஞ்சிலும், அமெரிக்கக் கறுப்பின வீரர்களின் அமைப்பான மனித உரிமைகளுக்கான ஒலிம்பிக் இயக்கத்தின் பேட்ஜ் இருந்தது. இவை போதாதென்று, ஸ்மித்தின் இடக்கையில் ஆலிவ் கன்று இருந்த ஒரு பெட்டியும் இருந்தது.

எழுவாயும் பயனிலையும் அடைமொழியும் பார்த்துப் பார்த்துக் கோத்த ஒரு நீண்ட வாக்கியம் அது. உலகம் அதிலிருந்து ஒரே ஒரு சொல்லை, அந்த முஷ்டியை மட்டும், உருவி எடுத்துக்கொண்டது. சமாதானத்தின் ஆலிவ் கன்று படத்திலேயே இருந்தும் யாரும் அதைப் பார்க்கவில்லை. இது பேசியவர்களின் தோல்வியா, கேட்டவர்களின் தோல்வியா, அல்லது சொல்லைக் கைவிட்டுச் சைகையை நம்பும் எவருக்கும் நேரக்கூடிய கதிதானா என்பதை இங்கே பேசலாம் என்று நினைக்கிறேன்.

2. ஓடுதளம்

ஐயா, நான் 31 ஆண்டுகள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மாவட்டப் போட்டிகளில் பதக்கத் தட்டை ஏந்தி நின்ற அனுபவம் நிறைய உண்டு என்பதால், மேடை என்னும் பொருளைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் மேடை மூன்று மரப்பெட்டிகள்தான். முன்பக்கத்தில் 1, 2, 3 என்று சுண்ணாம்பால் எழுதியிருப்போம். ஓடும்போது சிறுத்தையைப் போல் இருந்த பிள்ளை அந்தப் பெட்டியின் மேல் ஏறியதும் தன் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் தவிப்பான். ஒருவன் பின்னால் கட்டிக்கொள்வான், ஒருவன் கால்சட்டையின் ஓரத்தைத் திருகிக்கொண்டே நிற்பான். "கையைப் பக்கத்தில் வை, நெஞ்சை நிமிர்த்து, பதக்கம் போடும்போது மட்டும் குனி" என்று நாங்கள் கீழே நின்று அதட்டுவோம். அப்படி அதட்டிய ஒவ்வொரு முறையும் நாங்கள் அந்தப் பிள்ளைக்கு ஒரு மொழியைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பது எனக்கு மிகவும் பிந்தித்தான் உறைத்தது. கொடியைப் பார், அசையாதே, சிரிக்காதே, உனக்குப் பதக்கம் போடுபவருக்குத் தலை வணங்கு என்பதெல்லாம் சொல் இல்லாத கட்டளைகள். ஒலிம்பிக் மேடையும் அதே பெட்டிதான், சற்றுப் பெரியது, அவ்வளவே.

ஆகவே அரசியல் கலவாத ஓர் இடத்துக்குள் ஸ்மித்தும் கார்லோஸும் அரசியலைக் கொண்டுவந்தார்கள் என்ற குற்றச்சாட்டை நான் ஏற்க மாட்டேன். கொடியும் கீதமும் அணிவகுப்பும் நிறைந்த மேடையில் ஏற்கெனவே ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவர்கள் அதே இலக்கணத்தில் ஒரு மறுமொழி சொன்னார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். கொடியை நோக்கித் திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பினார்கள், கீதம் முடியும் வரை அசையாமல் நின்றார்கள், முறைப்படி இறங்கினார்கள். விதிகளில் ஒன்றிரண்டை மட்டும் மாற்றினார்கள்.

மாற்றமே செய்யாமல், விதியைச் சும்மா அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நான்காண்டு கழித்து மியூனிக்கில் விடை கிடைத்தது. 1972இல் 400 மீட்டரில் தங்கமும் வெள்ளியும் வென்ற அமெரிக்கக் கறுப்பின வீரர்கள் வின்ஸ் மேத்யூஸும் வெய்ன் காலெட்டும் மேடையில் கீதம் ஒலிக்கும்போது முஷ்டி உயர்த்தவில்லை. காலெட் வெறுங்காலோடு இடுப்பில் கைவைத்து நின்றார், மேத்யூஸ் தாடையைத் தடவிக்கொண்டு அவரோடு பேசிக்கொண்டிருந்தார். இறங்கியதும் பதக்கத்தை விரலில் சுழற்றினார். கூட்டம் கூச்சலிட்டது, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இருவரையும் அதன்பின் ஒலிம்பிக்கில் பங்கேற்க விடாமல் ஆயுள் தடை விதித்தது, 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் அமெரிக்காவால் அணியையே இறக்க முடியவில்லை. மேடையில் ஒரு குறியீடும் காட்டாத உடம்பையும் அந்தக் கூட்டம் ஓர் அறிக்கையாகவே படித்தது. கறுப்பு உடம்பு மேடையில் தளர்ந்து நின்றதே போதுமானதாக இருந்தது.

3. வேப்பம்பூ

நான் காதுகேளாத குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் வேலையில் இருக்கிறேன். "சொல் இல்லாமல்", "சைகையால்" என்ற தொடர்களை இந்த இழையில் ஒன்றுக்கு ஒன்று பதிலாகப் புழங்குவதைப் பார்த்து, ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட்டால் நல்லது என்று தோன்றியது.

என் மாணவர்கள் பேசும் சைகை மொழியில் சொற்கள் இருக்கின்றன, இலக்கணம் இருக்கிறது, வசவும் நையாண்டியும் சிலேடையும் கூட இருக்கின்றன. கையால் பேசுவதனாலேயே அது சொல்லற்றதாகிவிடாது. மெக்சிகோ மேடையில் நடந்தது அந்த வகையைச் சேர்ந்தது அன்று. கறுப்புக் காலுறை என்றால் வறுமை என்று எந்தச் சமூகமும் அதற்கு முன் உடன்பட்டிருக்கவில்லை. தெற்குவாசல் ஐயா அதை எழுவாயும் பயனிலையும் உள்ள வாக்கியம் என்கிறார். எழுதியவர்கள் இருவர் மட்டுமே அகராதி வைத்திருந்த வாக்கியம் என்று நான் சொல்வேன். முஷ்டிக்கு மட்டும்தான் 'கறுப்பு ஆற்றல்' என்று முன்பே ஒரு பொருள் இருந்தது. ஆகையால் உலகம் அதை மட்டும் படித்ததில் வியப்பில்லை.

இனமும் கையும் சேரும் இடத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால், அதே 1968இல் அமெரிக்காவிலேயே நடந்த இன்னொன்றைச் சொல்கிறேன். அலபாமா மாநிலத்தில் காதுகேளாத கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி இருந்தது. அங்கே படித்த கரோலின் மெக்காஸ்கில் என்ற பெண், பள்ளிகள் இணைக்கப்பட்டபோது, தன் பதின்வயதில் வெள்ளையர் படித்த பள்ளிக்கு மாறினார். வகுப்பில் ஆசிரியர் காட்டிய சைகைகள் அவருக்குப் புரியவில்லை. ஒரே ஊர், ஒரே மொழி என்று பெயர், ஆனால் கைகள் வேறு. பின்னாளில் அவரே பேராசிரியராகி, கறுப்பின அமெரிக்கர்களின் சைகை மொழியை ஆய்வு செய்து, தன் குழுவினரோடு 2011இல் முடிவுகளை வெளியிட்டார்.

காரணம் கேட்டால் மனம் கனக்கும். காதுகேளாதோர் கல்வி பற்றி 1880இல் மிலானில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு, வெள்ளையர் பள்ளிகள் சைகையை ஒதுக்கி உதட்டசைவைப் படிக்கவும் வாயால் பேசவும் பழக்குவதில் இறங்கின. அந்தப் பயிற்சிக்குச் செலவிடும் அளவுக்குக் கறுப்பினப் பிள்ளைகள் முக்கியமானவர்களாகக் கருதப்படவில்லை. அந்தப் புறக்கணிப்பின் பக்கவிளைவாகவே அவர்களிடம் பழைய இரு கைச் சைகைகள் அழியாமல் தங்கின. நெற்றிக்கு அருகே, அகன்ற வீச்சில் கைகளை அசைக்கும் வழக்கமும் தங்கியது. வெள்ளையர் பலர் ஒரு கையால் முடிக்கும் சொற்களை அவர்கள் இரு கையாலும் சொன்னார்கள். புதுப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் தங்கள் சைகையே தாழ்ந்தது போலும் என்று கூச்சப்பட்டு, ஊரில் ஒன்றும் பள்ளியில் ஒன்றுமாக இரு வகையையும் பழகிக்கொண்டார்கள். பேச்சு வழக்கை மாற்றிக்கொள்ளும் பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். கையின் வழக்கை மாற்றிக்கொண்ட பிள்ளைகள் இவர்கள்.

4. தெற்குவாசல்

வேப்பம்பூ அம்மா சொன்ன திருத்தத்தை முழு மனத்தோடு ஏற்கிறேன். சைகை மொழியும் சைகையும் வேறு வேறு என்பதை மனத்தில் கொண்டே இனி எழுதுகிறேன். அகராதி இருவரிடம் மட்டும் இருந்தது என்ற வரி என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது.

5. நூலகத்து_மூலை

அந்த அகராதியை ஸ்மித் மறைத்து வைக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். அவர் ஹோவர்ட் கோசெல் என்ற ஒளிபரப்பாளருக்கு அளித்த பேட்டியில், வலக்கை கறுப்பின அமெரிக்காவின் ஆற்றல், கார்லோஸின் இடக்கை அதன் ஒற்றுமை, இரண்டும் சேர்ந்து ஒரு வளைவு, துண்டு பெருமிதம், காலுறை வறுமை என்று ஒவ்வொன்றாக விளக்கிவிட்டார். ஆக, சொல்லில்லாத செயலுக்குச் சொல்லாலேயே பொழிப்புரை கிடைத்துவிட்டது. அந்தப் பொழிப்புரை எடுபடவில்லை என்பதுதான் கதை. அப்போது சிகாகோவில் எழுதிக்கொண்டிருந்த ஒரு பத்தியாளர் அவர்களை ஹிட்லரின் படையினரோடு ஒப்பிட்டு எழுதினார். ஒற்றுமையின் வளைவு என்று ஒருவர் சொன்னதை இன்னொருவர் நாஜி வணக்கமாகப் பார்த்தார். பெரும்பாலான பத்திரிகை அலுவலகங்கள் அப்போது வெள்ளையர் கையில் இருந்தன.

இதில் கசப்பான ஒரு முரண் உண்டு. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவராக இருந்து ஸ்மித்தையும் கார்லோஸையும் ஒலிம்பிக்கிலிருந்து வெளியேற்றும்படி அழுத்தம் கொடுத்த ஏவரி பிரண்டேஜ், 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டியின் தலைவர். பெர்லின் மேடையில் ஜெர்மானிய வீரர்கள் நாஜி வணக்கம் வைத்தபோது அவர் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. அது ஒரு நாட்டின் வணக்கம் என்று ஏற்கப்பட்டது. நாட்டுக்கு உரிய கை மேடையில் எழலாம், நாட்டுக்குள் ஒடுக்கப்பட்டவரின் கை எழக்கூடாது என்பதுதான் அங்கே நடைமுறையில் இருந்த விதி.

அதே 1968 ஒலிம்பிக்கில், செக்கோஸ்லோவாக்கியாவின் ஜிம்னாஸ்டிக் வீராங்கனை வேரா சாஸ்லாவ்ஸ்கா, சோவியத் கீதம் ஒலித்தபோது தலையைத் தாழ்த்தி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த ஆகஸ்டில்தான் சோவியத் படைகள் அவர் நாட்டுக்குள் புகுந்திருந்தன. ஒலிம்பிக் கமிட்டி அவரைத் தண்டிக்கவில்லை. தண்டனை அவருக்குச் சொந்த நாட்டு அரசிடமிருந்து வந்தது. வெளிநாடு செல்லவும் போட்டிகளில் பங்கேற்கவும் பல ஆண்டுகள் தடை இருந்தது. மேற்குலகப் பத்திரிகைகள் அந்தத் திரும்பிய முகத்தைத் துணிவு என்று உடனே படித்தன. ஆனால் எழுந்த முஷ்டியைப் படிக்க அவற்றுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

தெற்குவாசல் ஐயாவின் கேள்விக்கு என் விடை இதுதான்: சொல்லைக் கைவிட்டவருக்கு எல்லா இடத்திலும் ஒரே கதி நேர்வதில்லை. படிப்பவர் தம்மவராக இருந்தால் ஒரு கழுத்தின் திருப்பமே போதும். படிப்பவர் அஞ்சி நிற்பவராக இருந்தால் பத்து அடையாளங்களை மேடையில் அடுக்கினாலும் அவர் தமக்கு அச்சமூட்டுவதை மட்டுமே எடுத்துக்கொள்வார்.

ஸ்மித் பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றில், அது கறுப்பு ஆற்றலுக்கான வணக்கம் அன்று, மனித உரிமைக்கான வணக்கம் என்று எழுதினார். தலைப்புச் செய்தி வைத்த பெயர் அவர் வைத்த பெயரை இன்னமும் முன்னே வர விடவில்லை.

6. கரிசல்_மண்

மிக நல்ல இழை. தமிழில் இதற்கு ஒரு கருவி ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கையிருப்பில் இருக்கிறது என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்தில் எழுவது உடம்பில் தெரியும் எட்டு வகையைச் சொல்லி, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்றும் சொல்கிறது. வெகுளிக்கு, அதாவது சினத்துக்கு, அது தரும் நான்கு காரணங்களைப் பாருங்கள்: உறுப்பை அறுத்தல், குடியிருப்போரைச் சூறையாடுதல், அடித்து அலைக்கழித்தல், கொல்லுதல். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் முந்நூறாண்டு வரலாற்றை நான்கு சொல்லில் எழுதச் சொன்னால் வேறு எதை எழுதுவது? பெருமிதத்துக்குக் கல்வி, தறுகண், புகழ், கொடை என்ற நான்கைச் சொல்கிறது. அந்தப் படத்தில் வெகுளியும் பெருமிதமும் ஒரே உடம்பில் நிற்கின்றன; குனிந்த தலையில் ஒன்று, நிமிர்ந்த கையில் ஒன்று.

7. வேப்பம்பூ

கரிசல்_மண் ஐயாவின் ஒப்பீடு அழகானது. ஆனால் எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. மெய்ப்பாடு என்பது உள்ளே நிகழ்வது தானாக வெளியே தெரிவது. மயிர்க்கூச்சும் கண்ணீரும் யோசித்து வருபவை அல்ல. அந்த மேடையில் நின்றவர்களோ என்ன அணிவது, எதைக் கழற்றுவது என்று தீர்மானித்து வந்தவர்கள். கார்லோஸ் தன் கையுறைகளை மறந்து வந்ததால், ஸ்மித்தின் ஒரு ஜோடியையே ஆளுக்கு ஒன்றாக அணிந்துகொள்ளும்படி நார்மன் யோசனை சொன்னார் என்று கூறப்படுகிறது. ஒருவருக்கு வலக்கையும் மற்றவருக்கு இடக்கையும் வாய்த்தது அதனால்தான். பிறகு அந்தத் தற்செயலுக்கும் ஸ்மித் பொருள் கண்டுபிடித்தார். இது உணர்ச்சி பொங்கி வழிந்தது என்பதைவிட, கைவசம் இருந்ததை வைத்துக்கொண்டு பேச்சைக் கட்டிய திறமை என்பதே பொருந்தும்.

கறுப்பினத்தவர் எதைச் செய்தாலும் அதை உணர்ச்சிக் கொந்தளிப்பு என்று பார்ப்பதே அந்தக் காலத்துப் பத்திரிகைகளின் பழக்கம் என்பதால், "வெகுளி" என்ற சொல்லை இங்கே சற்றுக் கவனமாகவே கையாள வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஆயினும் ஓர் இடத்தில் நீங்கள் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. ஸ்மித்தின் கை நேராக இருக்கிறது; கார்லோஸின் முழங்கை சற்று மடங்கியிருக்கிறது. யாராவது மேடையை நோக்கிப் பாய்ந்தால் தடுக்கத் தோதாக அப்படி வைத்திருந்ததாக அவர் பிறகு சொன்னார். அந்த மடக்கு அகராதியில் இல்லாத சொல். அது மெய்ப்பாடுதான்.

8. தென்கடல்

நான் மெல்பர்னில் இருபது ஆண்டுகளாக வசிக்கிறேன்; எனவே நார்மனைப் பற்றி எழுதாமல் போக மனம் வரவில்லை. கை தூக்காத அந்த மூன்றாவது மனிதரிடம்தான் சொல்லற்ற பேச்சின் நுட்பம் தெரிகிறது என்பேன்.

அவர் செய்தது ஒன்றே ஒன்று. மேடைக்குப் போகும் முன் மனித உரிமைகளுக்கான அந்த ஒலிம்பிக் இயக்கத்தின் பேட்ஜைத் தனக்கும் கேட்டார். பால் ஹாஃப்மன் என்ற அமெரிக்க வெள்ளையினத் துடுப்புப் படகு அணி வீரர் தன்னுடையதைக் கொடுத்தார். நார்மனின் கண்களில் அச்சத்தைக் காண்போம் என்று எதிர்பார்த்த தான் அன்பையே கண்டதாகக் கார்லோஸ் பின்னர் சொல்லியிருக்கிறார். மேடையில் நார்மனுக்கு அவர்கள் இருவரும் முதுகுப் பக்கம். கை எழுந்ததை அவர் பார்க்கவே இல்லை. கூட்டத்தில் யாரோ கீதத்தைப் பாடிக்கொண்டிருந்தார்கள், அந்தக் குரல் தேய்ந்து அடங்கியது, அதை வைத்துத்தான் அவர்கள் சொன்னபடி செய்துவிட்டார்கள் என்று அறிந்ததாக அவர் நினைவுகூர்ந்தார். உலகமே பார்த்த சைகையை, அதற்கு மிக அருகில் நின்றவர் காதால் படித்திருக்கிறார்.

இணையத்தில் இவரைப் பற்றிச் சுற்றும் உருக்கமான கதைகளை அப்படியே நம்ப வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். 1972 ஒலிம்பிக்குக்கு அவர் தேர்வாகாதது பழிவாங்கலே என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். அந்த ஆண்டுத் தேசியப் போட்டியில் அவர் மூன்றாவதாகத்தான் வந்தார் என்பதைச் சுட்டிக்காட்டி ஆஸ்திரேலிய ஒலிம்பிக் கமிட்டி அதை மறுக்கிறது. இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது. ஆனால் 2012இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் அவருக்காக முறையாக மன்னிப்புக் கோரியது, 2018இல் ஒலிம்பிக் கமிட்டியே அவர் மறைவுக்குப் பின் ஒரு விருது வழங்கியது, 2019இல் இங்கே மெல்பர்னில் சிலை வைத்தார்கள் என்பவை நடந்தவை. மெக்சிகோவில் அவர் ஓடிய 20.06 வினாடி 2024 டிசம்பர் வரை ஆஸ்திரேலிய சாதனையாக நிலைத்தது; அதை முறியடித்த கவுட் கவுட் என்ற ஓட்டக்காரர், தெற்கு சூடானிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்து, அப்போது பதினாறு வயதுச் சிறுவனாக இருந்தவர். வெள்ளையர் மட்டும் குடியேறலாம் என்ற கொள்கையின் நிழல் 1968இல் இன்னும் இந்த நாட்டின் மேல் விழுந்துகொண்டிருந்ததை எண்ணினால், சாதனைப் பட்டியலில் அந்தப் பெயர் வந்து உட்கார்ந்ததே ஒரு காட்சிதான்.

2006 அக்டோபரில் நார்மன் இறந்தபோது, ஸ்மித்தும் கார்லோஸும் அமெரிக்காவிலிருந்து வந்து அவரது சவப்பெட்டியை முன்னால் நின்று சுமந்தார்கள்.

9. சங்கு

எல்லோரும் போற்றிக்கொண்டிருக்கும் இடத்தில் முரண்படுவதற்கு மன்னிக்கவும். சொல்லற்ற செயலுக்கு இத்தனை மாலை சூட்டும்போது, அந்த இயக்கத்துக்குள்ளேயே கணக்கில் வராமல் போன சொல்லும் செயலும் யாருடையவை என்று யாரும் கேட்கவில்லையே?

ஹாரி எட்வர்ட்ஸ் என்ற சமூகவியல் ஆசிரியர் 1967இல் சான் ஹோசே நகரில் தொடங்கிய அந்த இயக்கம், ஒலிம்பிக்கையே கறுப்பின வீரர்கள் புறக்கணிக்க வேண்டும் என்று பேசியது. வெள்ளையர் ஆட்சியில் இருந்த தென்னாப்பிரிக்காவையும் ரொடீசியாவையும் (இன்றைய ஜிம்பாப்வே) ஒலிம்பிக்கிலிருந்து விலக்க வேண்டும், குத்துச்சண்டை வீரர் முகமது அலியிடமிருந்து பறித்த பட்டத்தைத் திருப்பித் தர வேண்டும், பிரண்டேஜ் பதவி விலக வேண்டும் என்று தெளிவான சொற்களில் கோரிக்கைகள் வைத்தது. தென்னாப்பிரிக்கா விலக்கப்பட்டது, அலியின் பட்டம் திரும்பவில்லை, பிரண்டேஜ் விலகவில்லை, புறக்கணிப்புத் திட்டமும் கலைந்தது. ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியதைச் செய்யலாம் என்றான பிறகுதான் முஷ்டி எழுந்தது. கூட்டாகச் சொன்ன சொல் தோற்ற இடத்தில் மிஞ்சியது அந்தத் தனிச் சைகை.

இந்த ஆலோசனைகள் எதற்கும் பெண் வீராங்கனைகளை அழைக்கவில்லை. 100 மீட்டரில் தொடர்ந்து இரண்டு ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் மனிதர் வயோமியா டையஸ். அதை 1968இல் அதே மெக்சிகோவில் செய்தார். அணியின் வெள்ளைக் கால்சட்டைக்குப் பதிலாக அடர்நிறக் கால்சட்டை அணிந்து ஓடினார்; தொடர் ஓட்டத் தங்கத்தை ஸ்மித்துக்கும் கார்லோஸுக்கும் அர்ப்பணிப்பதாக வாய்விட்டே அறிவித்தார். சைகையும் செய்தார், சொல்லாலும் சொன்னார். எத்தனை பேருக்கு அது தெரியும்? அவர் ஆடவர் அல்லர் என்பதால் எந்தப் படமும் சுவரொட்டியாகவில்லை.

மேலும், அதே ஆண்டில் மெம்பிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர்களைப் பாருங்கள். பிப்ரவரி 1 அன்று, மழைக்கு ஒதுங்கிய இரண்டு கறுப்பினத் தொழிலாளர்களைக் குப்பை லாரியின் அரவை இயந்திரம் நசுக்கிக் கொன்றது. சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் ஏந்திய அட்டையில் இருந்தது ஒரே வரி: "நான் ஒரு மனிதன்." வெள்ளை அட்டையில் அத்தனை பேரும் ஒரே எழுத்தைச் சுமந்து வரிசையாக நடந்தார்கள். எவரும் அதை வேறு விதமாகப் படிக்க முடியவில்லை. அச்சமூட்டுவதை மட்டும் எடுத்துக்கொள்ளும் வாசகரை நூலகத்து_மூலை ஐயா சொன்னார் அல்லவா? அந்த வாசகருக்கு இடம் கொடுக்காததே சொல்லின் பெருமை.

10. நூலகத்து_மூலை

சங்கு அவர்களின் கேள்வி நியாயமானது. டையஸைப் பற்றி நானே எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் சொல்லையும் மௌனத்தையும் எதிரெதிரே நிறுத்த வேண்டியதில்லை என்பதற்கு 1917ஐச் சொல்வேன். கிழக்கு செயின்ட் லூயிஸ் நகரில் கறுப்பினத்தவரைக் கொன்று வீடுகளுக்குத் தீ வைத்த கொடுமைக்கு எதிராக, அந்த ஆண்டு ஜூலை 28 அன்று நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் ஏறத்தாழ 10,000 கறுப்பினத்தவர் பேச்சில்லாமல் ஊர்வலம் போனார்கள். முன்னால் குழந்தைகள், அடுத்து வெள்ளை உடையில் பெண்கள், பின்னால் அடர்நிறக் கோட்டு அணிந்த ஆண்கள். துணி சுற்றிய பறைகளின் மந்தமான ஒலி மட்டும் கேட்டது. வாய் மூடியிருந்தது, அட்டைகள் பேசின. "அம்மா, அடித்துக் கொல்பவர்கள் சொர்க்கத்துக்குப் போவார்களா?" என்று ஒரு அட்டை கேட்டது. ஜனநாயகத்தைக் காக்க ஐரோப்பாவுக்குப் படை அனுப்பிய குடியரசுத் தலைவரிடம், அமெரிக்காவையும் ஜனநாயகத்துக்கு ஏற்ற இடமாக ஏன் ஆக்கக்கூடாது என்று இன்னொரு அட்டை கேட்டது. கறுப்பினத்தவர் கூடினாலே கலகம் என்று எழுதக் காத்திருந்த நகரத்தில், அந்த ஒழுங்கான மௌனம் முதலில் வாசகரின் கையைக் கட்டிப்போட்டது; அதன் பிறகே எழுத்து அவரிடம் போய்ச் சேர்ந்தது.

11. ஓடுதளம்

காலின் கேபர்னிக்கை யாரும் குறிப்பிடவில்லையே என்று பார்த்தேன். அமெரிக்கக் கால்பந்து வீரரான அவர், போலீசார் கறுப்பினத்தவரைக் கொல்வதை எதிர்த்து, 2016 ஆகஸ்டில் தேசிய கீதத்தின்போது எழாமல் பெஞ்சில் உட்கார்ந்தார். அதைக் கண்டு வருந்திய முன்னாள் ராணுவ வீரர் நேட் போயர் என்பவர் அவரைச் சந்தித்துப் பேசினார். உட்கார்ந்திருப்பது சக வீரர்களிடமிருந்து விலகி இருப்பதாகத் தெரிகிறது, மண்டியிட்டால் மரியாதையும் இருக்கும் எதிர்ப்பும் இருக்கும், வீழ்ந்த வீரனின் கல்லறை முன் நாங்கள் மண்டியிடுவோம் என்பது அவர் கருத்து. செப்டம்பர் 1 அன்று கேபர்னிக் ஒரு முழங்காலை மடக்கி மண்டியிட்டார். அணியின் எரிக் ரீடும் உடன் மண்டியிட்டார். போயர் பக்கத்தில் நெஞ்சில் கைவைத்து நின்றார்.

ஒரு சைகையை எதிர்த்தரப்பு மனிதரோடு உட்கார்ந்து பேசித் திருத்தி எழுதியதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அவ்வளவு கவனத்துக்கும் பலன் என்ன? 2016 ஆட்டப் பருவத்துக்குப் பிறகு எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. கோயிலிலும் தேவாலயத்திலும் மண்டியிடுபவர்களே, இந்த மண்டியிடலைக் கொடிக்கு அவமதிப்பு என்றார்கள். 2020 மே மாதம் மினியாபோலிஸில் ஒரு போலீஸ்காரரின் முழங்கால் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தின் மேல் 9 நிமிடம் 29 வினாடி இருந்ததை உலகமே பார்த்த பிறகுதான், பல நாட்டு மைதானங்களில் ஆட்டக்காரர்கள் மண்டியிட்டபோது அந்த மடங்கிய காலைப் பலரும் சரியாகப் படித்தார்கள்.

12. சங்கு

ஓடுதளம் ஐயா சொல்வதைப் பார்த்தால், சைகை சரியாகப் படிக்கப்படுவதற்கு நான்காண்டும் ஒரு சாவும் தேவைப்பட்டிருக்கின்றன. நான் சொன்னதும் அதுதான்.

13. தெற்குவாசல்

இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழக வளாகத்தில் 2005இல் நிறுவிய சிலையைப் பார்த்தேன். ஸ்மித்தும் கார்லோஸும் படித்த இடம் அது. ஆளுயரத்தைவிடப் பல மடங்கு பெரிய உருவங்கள். உடம்பின் மேல் சிறு சிறு வண்ண ஓடுகள் பதித்திருக்கிறார்கள். கால்களில் காலணி இல்லை. இரண்டாம் இடத்தில் யாரும் இல்லை. அதைக் காலியாக விடும்படி நார்மனே விரும்பியதாகச் சொல்கிறார்கள், பார்க்க வருகிறவர்கள் அங்கே ஏறி நிற்கலாம் என்பதற்காக.

நான் அங்கே இருந்த அரை மணி நேரத்தில் ஏழெட்டுப் பேர் ஏறினார்கள். கல்லூரிப் பிள்ளைகள் இருவர் ஏறியதும் முஷ்டியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு கறுப்பினத் தாய் தன் சிறுமியை ஏற்றிவிட்டார். அந்தக் குழந்தை அண்ணாந்து இரு கைகளையும் பார்த்துவிட்டு, தன் கையைத் தூக்கப் போய், பிறகு தூக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டது. ஓடுதளம் ஐயா இருந்திருந்தால் நெஞ்சை நிமிர்த்தச் சொல்லியிருப்பார். என் முறை வந்தபோது கையை என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை. காலடியில் ஒரு பலகை இருந்தது. ஆஸ்திரேலிய வீரர் பீட்டர் நார்மன் இங்கே தோழமையோடு நின்றார் என்றும், நீங்களும் நில்லுங்கள் என்றும் அதில் எழுதியிருந்தது. சங்கு அவர்களே, சொற்கள் கடைசியில் அங்கேயும் இருந்தன. நான் குனிந்து அவற்றைத்தான் படித்துக்கொண்டிருந்தேன், மகள் அந்த நேரத்தில் எடுத்த படத்தில் என் தலை குனிந்திருக்கிறது.